நூலில் சுழலும் அட்டை: கூண்டுக்குள் பறவை வந்த வழி

ஒரு நாணயத்தின் தலையையும் பூவையும் ஒரே நேரத்தில் காட்ட முடியுமா?

இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் லண்டனில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். பதில் சொல்ல வேண்டியவர், இன்றைய கணினிக்கு முன்னோடியான இயந்திரங்களை வடிவமைத்த சார்லஸ் பாபேஜ். சாப்பாடு முடிந்து, மேசைமேல் ஒரு பேரிக்காயைச் சுழற்றி விளையாடிக்கொண்டிருந்த ஹெர்ஷலுக்குத் திடீரென்று இந்தப் புதிர் தோன்றியதாம். பாபேஜ் ஒரு ஷில்லிங்கை எடுத்து நிலைக்கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். ஒரு பக்கம் நேரில் தெரிந்தது, மறுபக்கம் கண்ணாடியில் தெரிந்தது. ஹெர்ஷலுக்கு அது போதவில்லை. நாணயத்தை மேசைமேல் நிறுத்திச் சுண்டிவிட்டார். சுழலும் நாணயத்தின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால், இரு முகங்களும் சேர்ந்தே தெரிந்தன. 1864-இல் வெளியான தன்வரலாற்று நூலில் பாபேஜ் இதை எழுதியிருக்கிறார்.

மறுநாள் அவர் இதை மருத்துவர் வில்லியம் ஃபிட்டனிடம் சொன்னார். சில நாட்களில் ஃபிட்டன் ஒரு வட்ட அட்டையுடன் வந்து நின்றார். அட்டையின் இருபுறமும் பட்டு நூல் கட்டியிருந்தது. ஒரு பக்கத்தில் பறவை, மறுபக்கத்தில் வெறும் கூண்டு. நூலை விரல்களுக்கிடையே உருட்டியதும் அட்டை சுழன்றது. பறவை கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் இந்தப் பொம்மையை ஊரறியச் செய்தவர் ஃபிட்டன் அல்ல, ஜான் அயர்ட்டன் பாரிஸ் என்ற இன்னொரு மருத்துவர். 1825-இல் ‘தாமட்ரோப்’ என்ற பெயரில் இது லண்டனில் விற்பனைக்கு வந்தது. படங்களோடு விடுகதையும் சிலேடையும் எழுதிய அட்டைகள் ஒரு பெட்டிக்குள் இருக்கும். 1827-இல் பாரிஸ் தன் பெயர் போடாமல் மூன்று பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். பந்து, பம்பரம், காற்றாடி போன்ற விளையாட்டுப் பொருள்களை வைத்தே குழந்தைகளுக்கு இயற்பியல் சொல்லும் நூல் அது. தாமட்ரோப்புக்கும் அதில் இடம் உண்டு. பின்னாளில் லண்டன் மருத்துவர் கல்லூரியின் தலைவராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர் பாரிஸ். அப்படிப்பட்டவர் பொம்மையைத் தாழ்வாக நினைக்கவில்லை.

முதலில் செய்தது யார் என்ற வழக்கையே பழங்கற்காலம் வரை கொண்டுபோனவர்களும் உண்டு. பிரான்சின் தோர்தோன் பகுதியிலுள்ள லோஜெரி-பாஸ் என்ற இடத்தில் 1868-இல் 3 சென்டிமீட்டர் அளவுள்ள ஓர் எலும்புத் தட்டு கிடைத்தது. நடுவில் துளை. ஒரு பக்கத்தில் நிற்கும் மலையாடு, மறுபக்கத்தில் கால் மடிந்து கிடக்கும் மலையாடு. நூல் கோத்து முறுக்கினால் விலங்கு எழுவதும் விழுவதுமாகத் தெரியும், ஆகவே இதுவும் ஒரு தாமட்ரோப்தான் என்று மார்க் அஸேமா, ஃபுளோராங் ரிவேர் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள். அது வெறும் பொத்தானாகவோ அணிகலனாகவோ இருந்திருக்கலாம் என்பதும் ஒரு கருத்து. எலும்பில் நூல் எதுவும் மிஞ்சவில்லை என்பதால் வழக்கு முடியவில்லை.

முதலில் செய்துவிடுங்கள்

மேலே படிப்பதற்கு முன் ஒன்றைச் செய்து கையில் வைத்துக்கொண்டால், இனி வரும் ஒவ்வொன்றையும் நீங்களே சரிபார்க்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் தடித்த வெள்ளை அட்டை போதும். ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் வெட்டுங்கள். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் நேரெதிராகத் துளையிட்டு, இருபுறமும் ஒரு சாண் நூல் கட்டுங்கள்.

முன்பக்கத்தில் பறவையைத் தடித்த கோட்டில் வரையுங்கள். பிறகு அட்டையின் கீழ் விளிம்பைத் தூக்கி மேலாகத் திருப்புங்கள். அந்த நிலையில் பின்பக்கத்தில் கூண்டை நேராக வரையுங்கள். பலர் சறுக்கும் இடம் இது. அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வரைந்துவிட்டால், சுழலும்போது கூண்டு தலைகீழாகத் தொங்கும். சுழலும் அச்சு நூலின் வழியே கிடைமட்டமாகப் போகிறது, ஆகவே மேல் கீழாகவும் கீழ் மேலாகவும்தான் அட்டை புரளும். இனி இரு நூல்களையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள்.

பறவை கூண்டுக்குள் வந்துவிட்டதா? இப்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீங்கள் கருப்பு மையில் வரைந்த பறவை கருப்பாக இல்லை, சாம்பல் நிறத்தில் வெளிறி இருக்கிறது. கூண்டின் கம்பிகளும் அப்படித்தான். கம்பி பறவைக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவித் தெரிகின்றன. இந்த வெளிறலில்தான் விஷயம் இருக்கிறது.

கண்ணின் தாமதம்

விழித்திரையில் ஒளி பட்டவுடன் நடக்கும் முதல் வேலை மின்னல் வேகமானது. ரோடாப்சின் என்ற நிறமியின் மூலக்கூறு வளைவிலிருந்து நிமிர்வதற்கு ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஆனால் அதன் பிறகு வருவது மெதுவான வேதித் தொடர். நிமிர்ந்த மூலக்கூறு ஒரு புரதத்தைத் தூண்ட, அது ஒரு நொதியைத் தூண்ட, அந்த நொதி செல்லுக்குள் இருக்கும் ஒரு வேதிப்பொருளைக் குறைக்க, அதனால் செல்லின் சுவரிலுள்ள வாயில்கள் மூடி, மின்னழுத்தம் மாறுகிறது. பிறகு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பகல் வெளிச்சத்துக்கான கூம்பு செல்கள் இதை வேகமாக முடிக்கின்றன. மங்கிய ஒளிக்கான குச்சி செல்கள் இன்னும் நிதானமானவை. ஒளி நின்ற பிறகும் சமிக்ஞை சிறிது நேரம் நீள்வதற்கு இதுவே காரணம்.

இந்த நீட்சியை மனிதர்கள் நெருப்பில்தான் முதலில் கண்டார்கள். கொள்ளிக்கட்டையைச் சுற்றினால் நெருப்பு வட்டம் தெரியும். ஆனால் எந்தக் கணத்திலும் நெருப்பு ஒரு புள்ளியில்தான் இருக்கிறது. இல்லாதது இருப்பதாகத் தோன்றுவதற்கு எடுத்துக்காட்டாகவே கௌடபாதர் இதைத் தன் மாண்டூக்ய காரிகையில் கையாண்டார். அந்நூலின் கடைசிப் பகுதிக்கு ‘அலாத சாந்தி’, அதாவது கொள்ளியின் அமைதி என்றே பெயர். தமிழகத்தில் கார்த்திகை தீபத்தன்று சிறுவர்கள் சுற்றும் மாவளியும் இந்த வட்டத்தைத்தான் காட்டுகிறது. ஆண் பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கிப் பொடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைக் கீற்றுகளுக்கிடையே வைத்துக் கயிற்றில் கட்டிச் சுழற்றுவார்கள். பறக்கும் ஒவ்வொரு பொறியும் ஒரு புள்ளிதான், கண் அதைக் கோடாக்குகிறது.

நியூட்டனும் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலின் இறுதியில், சுழலும் நெருப்புத் துண்டு ஏன் வட்டமாகத் தெரிகிறது என்று கேட்டு, ஒளி கண்ணின் அடியில் எழுப்பும் அசைவு சற்று நேரம் நீடிப்பதால் இருக்குமோ என்று ஊகித்தார். ஊகத்தை அளவாக்கியவர் பாரிஸ் நகரில் வாழ்ந்த பாட்ரிக் தார்சி. 1765-இல் அவர் கனன்ற கரித்துண்டு ஒன்றைப் பொறியில் கட்டி இருட்டில் சுழற்றினார். நொடிக்கு ஏழரை சுற்று வந்தபோது வட்டம் முழுமையாக மூடிக்கொண்டது. ஒரு சுற்றுக்குச் சுமார் 0.13 நொடி. அவ்வளவு நேரம் ஒளி கண்ணில் தங்குகிறது என்று அவர் முடிவு செய்தார்.

நம் பாடப்புத்தகங்களில் படித்த எண் இது அல்லவே என்று உங்களுக்குத் தோன்றலாம். பார்வை நீட்டிப்பு என்பது 1/16 நொடி என்றுதான் நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். அது 0.06 நொடி. தார்சியின் அளவில் ஏறக்குறைய பாதி. யார் சொல்வது சரி?

இரண்டுமே தத்தம் சூழலில் சரியாக இருக்கலாம். பார்வை நீட்டிப்புக்கு ஒரே எண் கிடையாது. இருட்டறையில், குச்சி செல்களே வேலை செய்யும் மங்கலில், ஒளி நொடிக்கு 15 முறை விட்டுவிட்டு வந்தாலே தொடர்ச்சியாகத் தெரியத் தொடங்கிவிடும். நல்ல வெளிச்சத்தில் 50, 60 முறை வந்தால்தான் துடிப்பு மறையும். ஒளியின் செறிவு பத்து மடங்கு ஏறும்போதெல்லாம் தேவைப்படும் வேகமும் ஏறத்தாழ ஒரே அளவால் ஏறிக்கொண்டு போகிறது. ஃபெர்ரி-போர்ட்டர் விதி என்று இதற்குப் பெயர்.

கையில் உள்ள அட்டையால் இதைச் சோதிக்கலாம். மாலை மங்கலில் வீட்டுக்குள் சுழற்றுங்கள், பறவையும் கூண்டும் இழைந்து நிற்கும். அதே வேகத்தில் உச்சிவெயிலில் சுழற்றுங்கள், படம் படபடவென்று துடிக்கும். அட்டையோ நூலோ விரலோ மாறவில்லை, உங்கள் கண் மட்டும் வேகம் கூட்டிக்கொண்டது. வேறு விலங்குகளின் கண்கள் நம்மைவிட வேகமானவை. ஈக்களுக்கு நொடிக்கு 200 துடிப்புகளும் தனித்தனியாகத் தெரியும். பூச்சிகளைத் துரத்திப் பிடிக்கும் சில சிறு பறவைகள் 120-க்கு மேற்பட்ட துடிப்புகளைப் பிரித்தறிகின்றன. நம் அட்டையில் இருக்கும் பறவையின் உறவினர்களிடம் இந்த வித்தை பலிக்காது.

இனி அந்த வெளிறல். துடிப்பு மறையும் வேகத்தில் கண் செய்வது சராசரி எடுக்கும் வேலை. பறவை இருக்கும் இடத்தில் பாதி நேரம் கருப்பு, பாதி நேரம் மறுபக்கத்தின் வெள்ளை. முடிவு, பாதி ஒளி. விட்டுவிட்டு வரும் ஒளி, அதே மொத்த ஒளியைச் சீராகப் பரப்பினால் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும் என்பது 1830-களில் உருவான விதி. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ ஆகிய இருவரின் பெயராலும் அது அறியப்படுகிறது. பாதி ஒளி நம் கண்ணுக்குச் சரிபாதி இருட்டாகத் தெரிவதில்லை, இன்னும் வெளுத்தே தெரியும். தடித்த கோட்டில் வரையச் சொன்னதன் காரணம் இதுதான்.

நகரப் பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர் காட்டும் எல்இடி பலகையும் இந்தச் சராசரியை நம்பியே இயங்குகிறது. பெரும்பாலான பலகைகளில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிவதில்லை, வரிசை வரிசையாக மாறி மாறி எரிகின்றன. நம் கண் எழுத்தை முழுதாகச் சேர்த்துவிடுகிறது. கைபேசியில் படம் எடுத்தால் சில வரிசைகள் அணைந்து எழுத்து அரைகுறையாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

சினிமாவுக்கும் இதுதான் காரணமா?

பார்வை நீட்டிப்பால்தான் சினிமா ஓடுகிறது என்பது நாம் அனைவரும் படித்த பாடம். அந்தப் பாடத்தை மறுப்பதற்கும் இந்தப் பொம்மையே சாட்சி.

ஒரு பிம்பம் கண்ணில் தங்கி அடுத்த பிம்பத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும்? பறவையும் கூண்டும் ஆனதுதான் ஆகும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, வெளிறி, ஊடுருவித் தெரியும். சினிமாவில் ஓடுகிறவர் நொடிக்கு 24 படங்களாக வருகிறார். ஒவ்வொரு படமும் அடுத்ததன்மேல் படிந்தால் அவருக்குப் பத்துக் கால்கள் முளைத்த கலங்கல்தான் தெரிய வேண்டும். அப்படித் தெரிவதில்லை. இரண்டு கால்களோடு தெளிவாக ஓடுகிறார். ஆக, தங்குதல் வேறு, நகர்தல் வேறு. தாமட்ரோப் முதலாவதைக் காட்டுகிறது, சினிமாவுக்கு இரண்டாவதும் வேண்டும்.

வரலாற்றில் இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்ததால்தான் குழப்பம். 1824 டிசம்பரில், பின்னாளில் ஆங்கிலச் சொற்களஞ்சியத்தால் புகழ்பெற்ற மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே, செங்குத்துப் பிளவுகள் வழியே பார்க்கும்போது உருளும் சக்கரத்தின் ஆரக்கால்கள் ஏன் வளைந்து தெரிகின்றன என்று ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசித்தார். 1831-இல் மைக்கேல் ஃபாரடே பல்சக்கரங்களைச் சுழற்றி, ஓடும் சக்கரம் நிற்பதாகத் தோன்றும் விந்தையை ஆராய்ந்தார். இந்த வழியில் போன பிளாட்டோ 1832-இல் ஒரு வட்ட அட்டையின் ஓரத்தில் பிளவுகள் வெட்டி, ஓர் ஆட்டக்காரரின் அடுத்தடுத்த நிலைகளைச் சுற்றிலும் வரைந்தார். நிலைக்கண்ணாடியின் முன் அதைச் சுழற்றிப் பிளவு வழியே பார்த்தால் ஆள் சுழன்று ஆடினார். வியன்னாவில் சிமோன் ஸ்டாம்ப்ஃபர் ஏறக்குறைய அதே மாதங்களில் தனியாக இதையே செய்தார்.

அந்தப் பிளவுகளின் வேலையைக் கவனியுங்கள். ஒவ்வொரு படமும் கணநேரமே தெரிகிறது, நடுவில் இருட்டு வந்து பழையதைத் துண்டிக்கிறது. அதாவது, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுக் கலங்காமல் காப்பதற்கே பிளவு. சினிமா புரொஜெக்டரில் ஷட்டர் செய்வதும் அதுதான். பிம்பம் கலப்பதை எவ்வளவு தடுக்கிறோமோ அவ்வளவு தெளிவாக அசைவு தெரிகிறது.

அசைவு எங்கே பிறக்கிறது என்ற கேள்வியும் ஒரு பொம்மையிலிருந்தே மீண்டும் கிளம்பியது. 1910-இல் விடுமுறைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர், பாதி வழியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, இப்படிப்பட்ட ஒரு சுழல் பொம்மையை வாங்கி, ஓட்டல் அறையிலேயே சோதனையைத் தொடங்கினார் என்று உளவியல் வரலாறு சொல்கிறது. 1912-இல் முடிவுகள் வெளிவந்தன. இரண்டு கோடுகளை அருகருகே அடுத்தடுத்துக் காட்டும்போது, நடுவில் 0.2 நொடி இடைவெளி விட்டால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோடுகள் தெரிந்தன. 0.03 நொடியாகக் குறைத்தால் இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்தன. நடுவே, 0.06 நொடியளவில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது. நகர்ந்த பொருள் எதுவும் இல்லை. கோயில் திருவிழாவில் சீரியல் செட் விளக்குகள் ஓடுவதாகத் தெரிவதும் இதனால்தான். ஒவ்வொரு பல்பும் கட்டிய இடத்தில்தான் இருக்கிறது.

அசைவை உணர மூளையில் தனிப்பகுதி உண்டு என்பதற்கும் சான்று கிடைத்தது. 1983-இல் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர்கள், மூளையின் பின்பகுதியில் பாதிப்பு ஏற்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு உருவமும் நிறமும் தெரிந்தன, அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றும்போது அது உறைந்து நிற்பதாகவே அவருக்குத் தெரிந்ததால், எப்போது நிறுத்துவது என்று புரியாமல் தவித்தார். கண் நீட்டிப்பது வேறு, மூளை நகர்த்துவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதே நூல், வேறு அச்சு

நூலில் சுழலும் இன்னொரு பொம்மை நம் ஊர்க் குழந்தைகளுக்கு நன்றாகவே தெரியும். சோடா மூடியைக் கல்லால் தட்டித் தட்டையாக்கி, நடுவில் ஆணியால் இரண்டு துளை போட்டு, நூலைக் கோத்து முடிந்து, இரு கையாலும் இழுத்து இழுத்து விட்டால் விர்ரென்று சுழலும். சட்டைப் பொத்தானிலும் செய்யலாம். தாமட்ரோப்பில் அச்சு அட்டையின் குறுக்கே போகிறது, இதில் தட்டின் நடுவைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதனால் தட்டின் ஒரே முகம் எப்போதும் நம்மை நோக்கியிருக்கும். அந்த முகத்தில் வரைந்தால் வேறு வகை வித்தைகள் கிடைக்கும்.

தட்டில் பாதி நீலமும் பாதி மஞ்சளும் பூசிச் சுழற்றுங்கள். பச்சை தெரியும் என்று எதிர்பார்ப்பீர்கள். பெரும்பாலும் சாம்பல்தான் தெரியும். வண்ணக் குழம்புகளைக் கலக்கும்போது ஒவ்வொன்றும் சில நிறங்களை விழுங்கி, மிஞ்சியதே நமக்கு வருகிறது. சுழலும் தட்டில் விழுங்குவது எதுவும் கூடுவதில்லை, இரண்டு ஒளிகளும் கண்ணில் சராசரியாகின்றன. 1850-களில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், வண்ணத் துண்டுகளின் அளவை மாற்றிக்கொள்ளும்படி ஒரு சுழல் தட்டைச் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் விகிதத்தால் மற்ற நிறங்களை எப்படிப் பெறலாம் என்று அளந்தார். உங்கள் கைபேசித் திரையின் ஒவ்வொரு புள்ளியும் இன்று செய்வது அந்தக் கணக்கைத்தான்.

இன்னும் வியப்பானது பென்ஹாம் தட்டு. 1894-இல் சார்லஸ் பென்ஹாம் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் இதை அறிமுகப்படுத்தினார். தட்டின் ஒரு பாதி முழுக் கருப்பு. மறுபாதி வெள்ளை, அதில் வெவ்வேறு தொலைவில் சில கருப்பு வில்கோடுகள். வேறு நிறம் ஒரு சொட்டுகூடக் கிடையாது. நொடிக்கு ஐந்து முதல் பத்துச் சுற்று வேகத்தில் சுழற்றினால் அந்த வில்கள் மங்கிய சிவப்பு, பச்சை, நீல வளையங்களாகத் தெரிகின்றன. எதிர்த்திசையில் சுழற்றினால் நிறங்களின் வரிசை தலைகீழாகிறது. கருப்பு-வெள்ளைத் துடிப்புக்கு விழித்திரையின் வெவ்வேறு நிறப் பாதைகள் வெவ்வேறு வேகத்தில் பதில் சொல்வதும், அண்டை செல்கள் ஒன்றையொன்று அடக்குவதும் காரணம் என்று கருதப்படுகிறது. முழு விளக்கத்தில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

நூலில் கோத்த தட்டு ஒவ்வோர் இழுப்புக்கும் திசை மாறும் அல்லவா? அதனால் பென்ஹாமின் கோலத்தை அதில் ஒட்டினால், இழுப்புக்கு இழுப்பு நிற வரிசையும் மாறும். ஒரே எச்சரிக்கை, அதிவேகத்தில் எல்லாம் சாம்பலாகிவிடும். கனமான, அகலமான அட்டையை எடுத்து மெதுவாக இழுங்கள். வேகம் தணியும் தறுவாயில் நிறங்கள் எழுவதைப் பார்க்கலாம்.

இந்தச் சோடா மூடி வித்தையின் வேகத்தை நாம் குறைவாக மதிப்பிட்டுவிட்டோம் என்று காட்டியவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலுள்ள மனு பிரகாஷ். மின்சாரம் இல்லாத ஊர்களில் ரத்தத்தைப் பிரிக்கும் மையவிலக்கிக் கருவி பயனற்றுக் கிடக்கிறது. உகாண்டாவில் ஒரு மருத்துவ நிலையத்தில் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தியதை அவரே பார்த்திருக்கிறார். அவரும் சாத் பாம்லா உள்ளிட்ட குழுவினரும் இந்தப் பொம்மையின் இயக்கத்தைக் கணக்கிட்டார்கள். இழுக்கும்போது முறுக்கு அவிழ்ந்து தட்டு வேகம் பெறுகிறது. கையைத் தளர்த்தும்போது தட்டின் சுழல்வேகமே நூலை எதிர்ப்பக்கம் முறுக்குகிறது. முறுக்கு முற்றியதும் நூல் தன்மேல் தானே சுருண்டு, அடுத்த இழுப்புக்கான ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. 2017-இல் அவர்கள் வெளியிட்ட காகித மையவிலக்கி இரண்டு கிராம் எடை, அமெரிக்க மதிப்பில் 20 சென்ட் செலவு. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை எட்டி, புவியீர்ப்பைப் போல 30,000 மடங்கு விசையைத் தந்தது. ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா பிரிந்தது. கையால் இழுக்கும் நூலைத் தவிர வேறு எந்த விசையும் அதில் இல்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

இந்தப் பொம்மைகளுக்கு ஆகும் செலவு ஓர் அட்டை, ஒரு முழம் நூல். சோடா மூடியின் ஓரம் கையைக் கிழிக்கும், ஆகவே சிறு குழந்தைகளுக்கு அட்டையோ பெரிய பொத்தானோ கொடுங்கள். சுழலும் தட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோகவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். ‘பார்வை நீட்டிப்பு என்றால் என்ன?’ என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு 1/16 நொடி என்று எழுதவைப்பதற்கு முன், வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கூண்டும் பறவையும் வரையச் சொல்லுங்கள். நிழலில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை சுழற்றச் சொல்லுங்கள். பறவை ஏன் வெளுத்தது, வெயிலில் ஏன் துடித்தது, சினிமாவில் வரும் ஆள் மட்டும் எப்படி நகர்கிறார் என்று அவர்களையே கேட்கவிடுங்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை விழித்திரையில் இருக்கிறது, மூன்றாவதற்கு மூளையில் இருக்கிறது. பாடப்புத்தகத்தின் ஒற்றை வரி இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிட்டது. அந்த வரியைத் திருத்த அட்டையும் நூலும் போதும்.